பாலாற்று மணலில் கேமராவைப் பழசாக்கிவிட்டு ஜெய்சல்மேருக்குக் கிளம்புங்கள்

காட்பாடியிலிருந்து ஒரு தம்பியின் கேள்வி. கல்லூரி நண்பர்கள் ஐந்து பேர், டிசம்பர் கடைசி வாரம் ராஜஸ்தானில் பாலைவனத்து ஜெய்சல்மேர் போகிறார்கள். புதிதாக ஒரு கிராப் சென்சார் (சற்றுச் சிறிய சென்சார்) மிரர்லெஸ் கேமராவும் 18–50 எம்.எம். எஃப் 2.8 லென்ஸும் வாங்கியாயிற்று. இன்னும் முப்பதாயிரம் ரூபாய் கையில் இருக்கிறது. அதில் அகலமாகக் காட்டுகிற 10–18 வைடு லென்ஸ் வாங்குவதா, ஃபில்டர் செட் வாங்குவதா, ட்ரோன் வாங்குவதா? மணல் மேடுகளை எப்படி எடுத்தால் "அந்த மாதிரி" வரும்?

மூன்றும் வேண்டாம் தம்பி. முப்பதாயிரத்தில் பெரும்பகுதி பாக்கெட்டிலேயே இருக்கட்டும். உங்களுக்கு இப்போது வேண்டியது கொஞ்சம் மணல். அது வீட்டுக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது.

நான் வேலூரில் இருபது வருடமாகக் கல்யாணம் எடுக்கிறவன். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, ஸ்டுடியோவில் ஈ ஓட்ட வேண்டும். அந்த மாதத்தைப் பயன்படுத்திக்கொண்டு நாலு முறை ஜெய்சல்மேர் போய் வந்திருக்கிறேன். முதல் முறை உங்களைப் போலத்தான் போனேன். கிளம்புவதற்கு மூன்று நாள் முன்னால் வாங்கிய லென்ஸ், டப்பா வாசனைகூடப் போகவில்லை. சாம் மணல் மேட்டில் சாயங்காலம் காற்று வீசிக்கொண்டிருக்கும்போது அவசரமாக லென்ஸைக் கழற்றி மாற்றினேன். பத்து விநாடி வேலை. அன்று ராத்திரி அறையில் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால், எல்லா வானத்திலும் அதே அதே இடத்தில் பதினோரு கறுப்புப் பொட்டு. மறுநாள் காலை ஜூம் வளையத்தைத் திருப்பினால், உரலில் அரிசி அரைக்கிற மாதிரி கரகரவென்று சத்தம். ஊர் திரும்பி ஒரு சர்வீஸ் சென்டரில் கொடுத்தேன். ஆறு வாரம் வைத்திருந்து, பாதி மணலை எடுத்துவிட்டு முழுசாகப் பில் போட்டார்கள்.

மணல்கூடப் பரவாயில்லை. அந்தப் பயணத்தில் என்னை அதிகம் அழவைத்தது கேமராவின் பொத்தான்கள். நல்ல வெளிச்சம் இருந்ததே இருபது நிமிடம். அதில் பன்னிரண்டு நிமிடம், எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்சத்தைக் கூட்டுகிற டயல் எது, ஒளியுணர்வை மாற்றுகிற ஐஎஸ்ஓ எந்த மெனுவுக்குள் ஒளிந்திருக்கிறது என்று தேடியே போனது. கை தானாகப் போய்ப் பொத்தானைத் தொடுகிற அளவுக்குக் கேமரா பழசாகியிருந்தால் ஒழிய, அதைப் பாலைவனத்துக்கு எடுத்துப் போகக்கூடாது. இந்தப் பதிலில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

எங்கே பழசாக்குவது? நம் ஊரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு: நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, மன்னனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில். 1981-ல் ஜலகண்டேஸ்வரரைக் கோட்டைக்குள் மறுபடி பிரதிஷ்டை செய்ததும் கடைசி ஒன்று அடிபட்டுப் போயிற்று. மற்ற மூன்றும் படம் எடுக்கிறவனுக்கு வரம். பாலாறு நந்தி மலையில் பிறந்து, கர்நாடகத்தையும் ஆந்திராவையும் கடந்து, தமிழ்நாட்டுக்குள் மட்டும் 220 கிலோமீட்டர் ஓடுவதாகக் கணக்கு. வருடத்தில் பாதி நாள் ஓடுவது காற்றுதான். விரிஞ்சிபுரம் பக்கம் கரையோரமாக நடந்து போனால், லாரிகள் விட்டுவைத்த மணல் இன்னும் திட்டுத் திட்டாக இருக்கிறது. அங்கே ஒரு வசதி, ஆறு மேற்கிலிருந்து கிழக்காகப் போவதால் சூரியன் ஆற்றின் நீளத்திலேயே எழுந்து நீளத்திலேயே விழும். காலையும் மாலையும் வெளிச்சம் மணலை ஒட்டித் தவழ்ந்து வரும். மறைக்கக் கட்டடம் கிடையாது.

மூன்று சனிக்கிழமை ஒதுக்குங்கள். ஐப்பசி மழை பிடித்துக்கொள்வதற்குள் போய்விடுங்கள். 2021 நவம்பரில் இதே ஆறு இரு கரையும் தொட்டு ஓடியதைப் பார்த்திருப்பீர்கள், தண்ணீர் வந்தால் சொல்லிக்கொண்டு வராது. இருட்டில் ஆற்றுக்குள் இறங்காதீர்கள். மணல் அள்ளிய பள்ளங்கள் ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும், மேலே தண்ணீர் நின்றால் ஆழம் தெரியாது. அப்புறம், ராத்திரி நேரத்தில் கேமராவோடு நின்றால் உங்களை வேறு மாதிரி நினைத்துக்கொள்கிற ஆட்களும் அங்கே நடமாடுவார்கள். விடிந்தபிறகு போனால் போதும்.

போய் என்ன செய்வது? முதல் வாரம் குப்புறப் படுங்கள். கிண்டலாகச் சொல்லவில்லை, வயிறு மணலில் பட வேண்டும். நின்றுகொண்டு பார்த்தால் ஆற்று மணல் ஒரே மஞ்சள் பாய். சூரியன் எழுந்து பத்து நிமிடம் ஆனபோது முழங்கை ஊன்றிப் பாருங்கள். காற்று இழுத்த வரி ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் வெளிச்சம், மறு பக்கம் நிழல். விரல் தடிமன்கூட இல்லாத வரி, தன் உயரத்தைப்போலப் பல மடங்கு நீளத்துக்கு நிழல் போட்டிருக்கும். நடுவில் ஓர் எறும்பு போன தடம், தையல் போட்ட மாதிரி. எருக்கஞ்செடியின் தாழ்ந்த கிளை காற்றில் ஆடி ஆடி மணலில் அரைவட்டம் கீறியிருக்கும். அரை மணி நேரம் கழித்து அதே இடத்தில் பாருங்கள், பாதி காணாமல் போயிருக்கும். மணல் அங்கேயே இருக்கிறது, நிழல் சுருங்கிவிட்டது. பாலைவனப் படம் என்பது பெரும்பாலும் இந்த நிழலைப் பிடிப்பதுதான்.

பாலைக்குச் சிறுபொழுது நண்பகல் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். பிரிந்து போன தலைவனை நினைத்து ஏங்குவதற்கு நண்பகல் பொருத்தம்தான். கேமராவுக்கு ஆகாது. ஆனால் டிசம்பரில் உங்களுக்கு ஒரு சலுகை கிடைக்கிறது. அந்த மாதக் கடைசியில் ஜெய்சல்மேரில் உச்சிவேளையிலும் சூரியன் 40 டிகிரி உயரத்தைத் தாண்டாது. அதே நாள் வேலூரில் 54 டிகிரி வரை ஏறும். அதனால் அங்கே காலை ஒன்பதேகால் வரைக்கும் மணலில் வேலை செய்யலாம். இன்னொன்றும் கவனியுங்கள். நாடு முழுக்க ஒரே கடிகாரம், ஜெய்சல்மேரோ மேற்கு மூலை. அந்த வாரம் நம் ஊரில் சூரியன் எழுவது சுமார் ஆறரைக்கு, அங்கே ஏறக்குறைய ஏழரைக்கு. மறைவது இரண்டு ஊரிலும் கிட்டத்தட்ட ஒரே நேரம், ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால். வேலூர்க் கணக்கில் நாலு மணிக்கே எழுந்து நண்பர்களையும் எழுப்பித் திட்டு வாங்காதீர்கள், ஐந்தரைக்கு எழுந்தால் தாராளம்.

இப்போது லென்ஸ் விஷயம். நிலக்காட்சி என்றாலே வைடு என்று ஒரு நம்பிக்கை ஊரெல்லாம் இருக்கிறது. ஏலகிரி உச்சியிலிருந்து பள்ளத்தாக்கை எடுப்பதற்கு அது சரி. மணல் மேட்டில் 10 எம்.எம். போட்டால் என்ன ஆகும் என்றால், காலடியில் இருக்கிற மணல் படத்தின் முக்கால்வாசியை விழுங்கிவிடும். நூறடி உயர மேடு தூரத்தில் இட்லி மாதிரி கிடக்கும். நீங்கள் "அந்த மாதிரி" என்று சொல்கிற படங்கள், ஒன்றின் பின்னால் ஒன்றாக மேடுகள் அடுக்கி நிற்க, நடுவில் ஓர் ஒட்டகம் எறும்பளவில் போகிற படங்கள், பெரும்பாலும் 100 எம்.எம்.முக்கு மேல், தூரத்தை இழுத்துக் காட்டுகிற டெலி லென்ஸில் எடுத்தவை. தூரத்து மேடுகளை மட்டும் வெட்டி எடுத்துப் பெரிதாக்குவதால் அவை ஒன்றோடு ஒன்று நெருங்கி உட்கார்ந்த மாதிரித் தெரியும். வேண்டாத ஜீப், டெண்ட், தண்ணீர் பாட்டில் எல்லாம் படச் சட்டத்துக்கு வெளியே போய்விடும். ஆகவே ஒரு 55–250 அல்லது 70–300 டெலியை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுங்கள், சென்னையில் தாராளமாகக் கிடைக்கும். விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. உங்கள் 18–50 கோட்டைக்கும், ஊருக்கும், பக்கத்து மணல் வரிகளுக்கும், ராத்திரி வானத்துக்கும் போதும்.

இரண்டாவது சனிக்கிழமை அந்த டெலியோடு கோட்டைக்கு வெளியே நின்று பாருங்கள். அகழிச் சுவர், கொத்தளம், பின்னால் மொட்டைப் பாறை மலை. 18-ல் ஒன்று, 200-ல் ஒன்று எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்தால் நான் சொல்வது பிடிபடும். 200-ல் மலை எழுந்து வந்து கோட்டைக்கு முதுகு கொடுத்து நிற்கும். டிரைபாட் வேண்டாம், கையிலேயே எடுங்கள். தொல்லியல் துறை இடங்களில் டிரைபாடுக்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டும்.

எக்ஸ்போஷர். இதைக் கல்யாண மண்டபத்தில் வைத்துச் சொன்னால் சீக்கிரம் புரியும். மாப்பிள்ளை புத்தம்புது வெள்ளை வேட்டியில் நிற்கிறார். கேமராவை அதன்போக்கில் விட்டால் வேட்டி நாலு முறை துவைத்த மாதிரிச் சாம்பலாக விழும். ஏன் என்றால் கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும், அதற்கு வேட்டி என்றும் தெரியாது, மணல் என்றும் தெரியாது. வெயிலில் பளீரென்று கிடக்கும் மணலுக்கும் அதே கதி. சட்டம் முழுக்க வெளிச்ச மணல் என்றால் முக்காலிலிருந்து ஒரு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு) கூட்டி எடுங்கள். சூரியன் சட்டத்துக்குள் வந்துவிட்டாலோ, பாதி நிழலாக இருந்தாலோ இந்தக் கணக்கு எடுபடாது. படத்தின் வெளிச்ச அளவைக் காட்டுகிற ஹிஸ்டோகிராம் வரைபடத்தைத் திரையில் போட்டுவைத்துக்கொண்டு, வலது ஓரத்தில் போய் முட்டாதபடி பாருங்கள். பின்பக்கத் திரையை நம்பாதீர்கள். வெயிலில் அது எப்போதும் இருட்டாகத்தான் தெரியும், அதைப் பார்த்துக் கூட்டினால் மணல் வெந்துவிடும்.

ரா ஃபைலில், அதாவது கேமரா சமைக்காத மூலக் கோப்பில் எடுங்கள். நிறத்தைச் சரிக்கட்டுகிற ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் கேமரா ரொம்ப நல்லவனாகி, சாயங்காலத்து மஞ்சளைத் திருத்தி வெள்ளையாக்கப் பார்க்கும். டேலைட்டில் பூட்டிவிட்டு மறந்துவிடுங்கள்.

ஃபோகஸுக்கு ஒரே ஒரு கணக்கு. உங்கள் லென்ஸில் 18 எம்.எம்., எஃப் 8 வைத்து, இரண்டு மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்தால், ஒரு மீட்டரிலிருந்து அடிவானம் வரை எல்லாம் தெளிவாக வரும். அதாவது காலடி மணல் வரியும் தூரத்து மேடும் ஒரே படத்தில். எஃப் 16, எஃப் 22 என்று லென்ஸ் துவாரத்தைச் சிறிதாக்கினால் இன்னும் கூர்மை வரும் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு எஃப் 11-லேயே நில்லுங்கள். துவாரத்தை அதைவிடச் சிறிதாக்கினால், ஒளி வளைந்து பரவுகிற டிஃப்ராக்ஷனால் படம் முழுக்க மெல்ல மழுங்கும், சென்சாரில் இருக்கிற தூசு மட்டும்தான் கூர்மையாகத் தெரியும்.

ஐந்து நண்பர்கள் என்கிறீர்கள். அப்படியென்றால் பத்துக் கால். கன்னி மணலைக் கெடுப்பதற்குப் புயல் வேண்டாம், ஒரு செல்ஃபி பிரியர் போதும். எங்கள் கோஷ்டியில் ஒருவர் உண்டு. நான் டிரைபாடை நிறுத்தி நிமிர்வதற்குள் முகட்டின் உச்சியில் போய் நின்று இரண்டு கையையும் விரிப்பார். அவர் போன தடம் படத்தின் நட்டநடுவே, வயல் வரப்பை மாடு மிதித்த மாதிரி. மணலில் விழுந்த காலடியை எந்த மென்பொருளாலும் கௌரவமாக அழிக்க முடியாது. ராத்திரிக் காற்று வந்துதான் அழிக்க வேண்டும், அதனால்தான் காலையில் மேடுகள் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். இரண்டாவது முறை போனபோது முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டோம்: காலையில் முதல் நாற்பது நிமிடம் யாரும் கேமராவுக்கு முன்னால் போகக்கூடாது, எல்லாரும் மேட்டின் ஒரே பக்கமாக, ஒருவர் தடத்தில் ஒருவர் மிதித்து ஏறவேண்டும். நாற்பது நிமிடம் கழித்து அவர் எவ்வளவு வேண்டுமானாலும் கையை விரிக்கலாம்.

அவரையே உபயோகப்படுத்திக்கொள்ளவும் செய்யலாம். மணல் மேட்டுக்குத் தன் உயரத்தைச் சொல்லத் தெரியாது. பத்தடி மேடும் நூறடி மேடும் படத்தில் ஒன்றுபோல இருக்கும். ஒரு மனிதன் நின்றால்தான் அளவு பிடிபடும். நண்பருக்கு ஒரு வெள்ளை வேட்டியும் தோளில் சிவப்புத் துண்டும் கொடுத்து, முகட்டின் மேல் கால் கிலோமீட்டர் தள்ளி நடக்க விட்டு, 200-ல் எடுங்கள். ஜீன்ஸும் கறுப்பு டி-ஷர்ட்டும் போட்டு அனுப்பினால் தூரத்தில் ஒரு கரிக்கட்டை மாதிரி தெரியும். என் சுவரில் மாட்டியிருக்கிற ஒரே ஜெய்சல்மேர் படம் இப்படி எடுத்ததுதான். வந்து பார்ப்பவர்கள் யாரோ ராஜஸ்தானி என்று நினைக்கிறார்கள். ஆள் நம் வேலூர்ச் சத்துவாச்சாரி.

எங்கே தங்குவது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், பாதிப் படம் அதில்தான் இருக்கிறது. ஜெய்சல்மேர் நகரத்திலிருந்து மேற்கே 40 கிலோமீட்டர் சொச்சத்தில் சாம். எல்லா வண்டிகளும் அங்கேதான் போகும். சாயங்காலம் ஒட்டகம், ஜீப், ஒலிபெருக்கி, மக்காச்சோளக் கடை என்று நம் வள்ளிமலைத் தேர்த்திருவிழா மாதிரி இருக்கும். ஒரு சாயங்காலம் அனுபவிக்கலாம், தப்பில்லை. படம் எடுக்க, ஜெய்சல்மேருக்குத் தென்மேற்கே இருக்கிற கூரி கிராமத்தில் இரண்டு ராத்திரி தங்குங்கள். மேடுகள் சாமை விடக் குறைவுதான், ஆனால் காலையில் உங்களைத் தவிர ஒருவரும் இருக்கமாட்டார்கள். அந்தப் பக்கம் பெரும்பகுதி பாலைவனத் தேசியப் பூங்கா, கானமயில் என்ற பெரிய பறவை மிச்சமிருக்கிற கடைசி இடங்களில் ஒன்று. ஜீப்காரர் தடத்தை விட்டு இறங்கி ஓட்டிக் காட்டட்டுமா என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

மேட்டைப் பார்த்ததும் எந்தப் பக்கம் போய் நிற்பது என்று குழப்பமாக இருக்கும். காற்று ஏறி வருகிற பக்கம் சாய்வாக, கெட்டியாக இருக்கும், நடக்கச் சுலபம். மணல் சரிந்து விழுகிற பக்கம் செங்குத்து, கிட்டத்தட்ட 30, 34 டிகிரி, கால் முழங்கால் வரை புதையும். ஒரு பக்கம் வெளிச்சமும் மறு பக்கம் நிழலும் விழ, நடுவே முகடு கத்தி மாதிரி வளைந்து போகிற கோணத்தைத் தேடி மேட்டைச் சுற்றி வாருங்கள். முதல் நாள் சாயங்காலமே சுற்றிப் பார்த்து இடத்தைக் குறித்துவைத்துக்கொண்டால் காலையில் இருட்டில் தடுமாற வேண்டாம்.

மணல் மட்டுமே பாலைவனம் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள், தார்ப் பாலைவனத்தில் கல்லும் புதரும் நிறையவே உண்டு. போகிற வழியெல்லாம் நம் ஊர்ச் சீமைக்கருவேலம் முளைத்திருப்பதைப் பார்த்து ஏமாந்து போவீர்கள், எருக்கும் உண்டு. அதற்கு நடுவில் தனியாக நிற்கிற, கிளைகள் வெட்டுப்பட்ட ஒரு மரத்தைக் கேஜ்ரி என்பார்கள். அது வேறு யாருமில்லை, நம் சிவன் கோயில்களில் தலவிருட்சமாக நிற்கிற வன்னிமரம். ராஜஸ்தானின் மாநில மரம். 1730-ல் ஜோத்பூர் பக்கத்தில் இந்த மரங்களை வெட்ட வந்தபோது பிஷ்னோய் மக்கள் 363 பேர் மரத்தைக் கட்டிக்கொண்டு உயிரைவிட்டார்கள். தனி வன்னிமரம், பின்னால் வெறும் அடிவானம், கீழே நாலு ஆடு. இந்தப் படத்துக்கு மணல் மேடே வேண்டாம். சாலையோரத்தில் வண்டியை நிறுத்தி எடுங்கள்.

ஜெய்சல்மேர் கோட்டை 1156-ல் கட்டத் தொடங்கியது, இன்றும் உள்ளே குடும்பங்கள் வசிக்கின்றன. உள்ளே சுற்றுவது வேறு சுகம். படத்துக்கு வெளியே தள்ளி நின்று, சூரியன் மறைந்து கால் மணி கழித்து, வானம் நீலமாகி விளக்குகள் எரியத் தொடங்கும்போது எடுங்கள். சத்திரிகள் எனப்படும் குவிமாட நினைவு மண்டபங்கள் வரிசையாக நிற்கிற படா பாக் காலை வெளிச்சத்துக்கு. இவ்வளவு போதும், எல்லா இடத்தையும் மூன்று நாளில் தொட்டுவிட நினைத்தால் எங்கேயும் நல்ல வெளிச்சத்தில் இருக்கமாட்டீர்கள்.

ஒட்டகக்காரரையும் பாட்டுக்காரரையும் எடுக்கும்போது கேட்டுவிட்டு எடுங்கள், கொடுப்பதைக் கொடுங்கள். அந்த ஊர் மாங்கணியார் பாட்டுக்காரர்கள் கமாய்ச்சா என்ற வில் வாத்தியத்தை மடியில் வைத்து இழுக்கும்போது டெலியைத் தூக்கிக்கொண்டு ஒளிந்து நின்று எடுக்க வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து முதல் பாட்டை முழுசாகக் கேட்டுவிட்டு எடுங்கள். முகம் மாறியிருக்கும்.

ராத்திரி வானம். பால்வீதியின் நடுப்பகுதி மணல் மேட்டின் மேல் புகை மாதிரி எழுகிற படத்தை எதிர்பார்த்துப் போகிறீர்கள் என்றால், டிசம்பரில் அது கிடைக்காது. காரணம் நம் காலண்டரிலேயே இருக்கிறது. மார்கழியை ஏன் தனுர் மாதம் என்கிறோம்? சூரியன் தனுசு ராசியில் இருக்கிறது. பால்வீதியின் மையமும் அதே தனுசு திசையில்தான். அதனால் அது சூரியனோடு சேர்ந்து பகலில் எழுந்து பகலிலேயே போய்விடும். அதற்குப் பதில் ராத்திரியில் மிருகசீரிஷம், திருவாதிரை, கார்த்திகைக் கூட்டம் எல்லாம் தலைக்கு மேல் வரும், அதை வைத்து எடுங்கள். 18 எம்.எம்.மில் எஃப் 2.8, ஐஎஸ்ஓ 3200, பதினெட்டு நொடி வரை நட்சத்திரம் கோடாக இழுபடாது. ஐந்நூறை, குவிய நீளத்தோடு (இங்கே 18) கிராப் சென்சாருக்கான ஒன்றரையைப் பெருக்கி வந்த எண்ணால் வகுத்தால் இந்தக் கணக்கு வரும். காலண்டர் தாளில் அமாவாசையைப் பாருங்கள். உங்கள் தேதி பௌர்ணமிப் பக்கம் விழுந்தாலும் கவலைப்படாதீர்கள், நிலா வெளிச்சத்தில் மேடுகள் பகல் மாதிரி வரும். ஐஎஸ்ஓ 800, எஃப் 2.8, ஐந்திலிருந்து எட்டு நொடி வைத்துப் பாருங்கள்.

இதற்கும் பழகும் இடம் நம்மிடமே இருக்கிறது. ஜவ்வாது மலையில் காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி வைத்து 1986-லிருந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றால், அங்கே வானம் நன்றாக இருப்பதால்தான். பழைய வட ஆற்காடு மாவட்டத்துக்குள்ளேயே இருந்த இடம். மூன்றாவது சனிக்கிழமை அந்த மலையில் ஒரு ராத்திரி தங்கி, இருட்டில் டார்ச் இல்லாமல் ஐஎஸ்ஓ மாற்ற, நட்சத்திரத்தைப் பெரிதாக்கிக் கையால் ஃபோகஸ் செய்யப் பழகிவிடுங்கள். ஆய்வகத்தின் பக்கத்தில் போய் விளக்கடித்து அவர்கள் வேலையைக் கெடுக்காதீர்கள்.

மணலிலிருந்து கேமராவைக் காப்பது பற்றி. மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ், கடினத்தில் மோஸ் அளவையில் 7. உங்கள் லென்ஸ் கண்ணாடி அதைவிட மென்மை. அதாவது மணல் ஒட்டிய கண்ணாடியைத் துணியால் துடைப்பதும் உப்புத்தாளால் துடைப்பதும் ஒன்று. முதலில் ரப்பர் ப்ளோயரால் ஊதுங்கள், அப்புறம் பிரஷ், கடைசியில்தான் துணி. வாயால் ஊதாதீர்கள், எச்சில் படும். வெளியே லென்ஸைக் கழற்றவே கூடாது. காலையில் அறையிலேயே முடிவு செய்யுங்கள், இன்று டெலியா, 18–50-ஆ என்று. ஒன்றைப் போட்டுக்கொண்டு போனால் அதோடு திரும்பி வாருங்கள். உங்கள் கோஷ்டியில் இன்னொருவரிடம் அதே மவுண்ட் (லென்ஸ் மாட்டுகிற வளையம்) உள்ள கேமரா இருந்தால் அதில் மற்ற லென்ஸை மாட்டிவிடுங்கள், பிரச்சினை தீர்ந்தது. லென்ஸ் முன்னால் ஒரு சாதாரண யூ.வி. ஃபில்டர் இருக்கட்டும்.

பாலாற்று மணலுக்கும் அந்த மணலுக்கும் ஒரு வித்தியாசத்தையும் சொல்லிவிட வேண்டும். நம் ஆற்று மணல் முரடு, கையில் எடுத்தால் குத்தும், தட்டினால் விழுந்துவிடும். அங்கே காற்று உருட்டி உருட்டி மாவாக்கிய மணல், பையின் ஜிப் இடுக்குக்குள்ளேயும் போகும். அதனால் பையைக் கீழே வைக்காதீர்கள், வைத்தால் கீழே ஒரு பாலிதீன் ஷீட். கேமரா உறங்குவது ஜிப்லாக் கவரில். காற்று கண்ணில் மணலை அடிக்க ஆரம்பித்தால் கேமராவை மூடிவிட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு டீ குடிக்கப் போங்கள், வீரம் காட்டாதீர்கள்.

மீதிப் பணத்துக்கு டிரைபாட் வாங்கலாம். கடைக்காரர் சொல்வதைவிட ஒரு படி கனமானதாக வாங்குங்கள். மணலில் நிறுத்தும்போது மேல் கணுவை விட்டுவிட்டு அடிக்கணுவை முதலில் இழுங்கள், பூட்டு மணலுக்கு மேலே நிற்கும். காலுக்குக் கீழே பழைய டிஃபன் டப்பா மூடி மூன்று வைத்தால் புதையாது. ஊர் திரும்பியதும் கால்களைக் கழற்றித் தண்ணீரில் அலசிக் காயவைத்துப் பூட்டுங்கள். அப்புறம் இரண்டு உபரி பேட்டரி, ஒரு ப்ளோயர், இரண்டு மெமரி கார்டு. விமானத்தில் போனால் உபரி பேட்டரிகளைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் வைத்தால் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். ரயிலென்றால் சென்னையிலிருந்து ஜோத்பூருக்கு இரண்டு ராத்திரி, அங்கிருந்து ஜெய்சல்மேர் இன்னும் 280 கிலோமீட்டருக்கு மேல். புளிச்சோறு கட்டிக்கொள்ளுங்கள், இரண்டாம் நாள் அதன் அருமை தெரியும்.

ஃபில்டர் செட் என்று கேட்டீர்கள். வானத்தின் நீலத்தைக் கூட்டுகிற ஒரு போலரைசர் மட்டும் போதும், அதுவும் 35 எம்.எம்.முக்கு மேல். 18-ல் போட்டால் வானத்தில் ஒரு பக்கம் கருநீலம், மறு பக்கம் வெளிறல் என்று திட்டுத் திட்டாக விழும். ட்ரோன் வேண்டவே வேண்டாம். எல்லை மாவட்டம் அது, ராணுவமும் எல்லைக் காவலும் இருக்கிற இடம். அனுமதி இல்லாமல் பறக்கவிட்டால் ட்ரோன் மட்டும் போகாது, உங்கள் விடுமுறையும் போய்விடும்.

குளிர் விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். பகலில் 24, 25 டிகிரி இருக்கும், ராத்திரி 8 டிகிரிக்குக் கீழேயும் போகும். மார்கழிக் கோலம் பார்க்கப் போகிற ஸ்வெட்டர் அங்கே செல்லாது. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், உபரியைச் சட்டையின் உள் பாக்கெட்டில் உடம்புச் சூட்டில் வையுங்கள். ஏசி அறையிலிருந்து கேமராவோடு வெயிலுக்கு வந்தால் லென்ஸ் பனிக்குமே, வேலூரில் தினம் பார்ப்பதுதான். அங்கே அதற்குத் தலைகீழ், விடியற்குளிரிலிருந்து கூடாரத்துக்குள் வரும்போது பனிக்கலாம். கவரிலேயே அரை மணி நேரம் விட்டுவிட்டுத் திறங்கள்.

டெலி வாடகைக்குச் சென்னை வரை போக அலுப்பாக இருந்தால் என்னிடம் ஒரு பழைய 55–250 இருக்கிறது, மவுண்ட் பொருந்தினால் எடுத்துப் போங்கள், வாடகை வேண்டாம். ஜூமைத் திருப்பும்போது கரகரவென்று சத்தம் வரும். பயப்படாதீர்கள், அந்த மணல் ஏற்கெனவே ஜெய்சல்மேரில் ஏறியது.